ஜன்னலோரம் வெயில் வருகிறதா?

தஞ்சாவூர்
ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் பழையபடிதான். கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். நீயும் அவளிடமிருந்து அதைத்தான் கற்றுக்கொண்டாய். மாடி ஓடு மாற்றியாயிற்று. நீ அனுப்பியதில் 11,000 ரூபாய் மீதி, சின்னத்தாத்தா பெட்டியில் இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு. பனியில் தனியாக நடக்காதே.

போன வாரம் வீடியோவில் பேசியபோது மாப்பிள்ளை வாங்கிய சோபாவைக் காட்டினாய். பின்னால் ஜன்னலோரம் காலியாக இருந்தது. அங்கே வெயில் வருகிறதா? துளசித் தொட்டி வைக்க நல்ல இடம் என்றாள் அம்மா. நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஜுட்டா ஹிப் என்ற பியானோக்காரரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் "சரி அப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். 1925இல் ஜெர்மனியில் லைப்ஸிக் நகரில் பிறந்தவர். ஜாஸ் என்றாலே நாஜிகளுக்கு ஆகாத காலத்தில், போர் நடக்கும்போதே, ஒளிந்து ஒளிந்து அதைக் கேட்டவர். நானும் மர்ஃபி ரேடியோவைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் வில்லிஸ் கோனோவரின் ஜாஸ் நிகழ்ச்சியை ஒளிந்துதான் கேட்டேன். ஜுட்டாவுக்குத் தலைக்கு மேல் குண்டு, எனக்குத் தாத்தாவின் பிரம்பு, அவ்வளவுதான் வித்தியாசம். கோனோவர் நிறுத்தி நிறுத்திப் பேசுவார், ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த எனக்கே புரியும். 1955இல் தொடங்கி நாற்பது ஆண்டுகள் உலகத்துக்கெல்லாம் ஜாஸ் கேட்பித்த மனிதரை அவருடைய ஊரில் பலருக்குத் தெரியாது. அந்த வானொலி உள்நாட்டுக்கு ஒலிபரப்பக் கூடாது என்று அப்போது அங்கே சட்டம் இருந்தது.

ஜுட்டாவுக்கு வருகிறேன். 1955இல் நியூயார்க் வந்தார். அடுத்த ஆண்டு ஹிக்கரி ஹவுஸ் என்ற உணவு விடுதியில் அவர் வாசித்ததை ப்ளூ நோட் நிறுவனம் இரண்டு இசைத்தட்டுகளாக வெளியிட்டது. அதே ஆண்டு ஜூலையில் ஜூட் சிம்ஸ் என்ற சாக்ஸபோன்காரருடன் இன்னொன்று. நீ வாங்கிக் கொடுத்த பெட்டியில் அதைத்தான் இரவில் கேட்கிறேன். மெதுவான பாட்டுகளில் சாக்ஸபோன் பேசி முடித்த பிறகு அவர் கொஞ்சமே வாசிக்கிறார். தன் முறை வந்துவிட்டதே என்ற பதற்றமில்லை, நானும் இருக்கிறேன் பார் என்ற அலட்டலும் இல்லை. அம்மாகூட "இது யார், பெண்ணா?" என்று கேட்டாள். எப்படிக் கண்டுபிடித்தாளோ.

பிறகு இசைத்தட்டே கிடையாது. சில வருடங்களில் வாசிப்பதையும் விட்டுவிட்டுத் துணி தைக்கும் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். சுமார் 35 வருடம். ஓய்வு நேரத்தில் படம் வரைந்தார். நியூயார்க்கில் நீ இருக்கும் அதே க்வீன்ஸில்தான் 2003இல் இறந்தார். நீ ரயில் ஏறும் நடைமேடையில் அவரும் நின்றிருக்கலாம். அவருக்குச் சேர வேண்டிய உரிமைத்தொகையை எந்த முகவரிக்கு அனுப்புவது என்றுகூட நிறுவனத்துக்கு நெடுநாள் தெரியவில்லை. கடைசிக் காலத்தில்தான் 40,000 டாலருக்குக் காசோலை போய்ச் சேர்ந்தது.

ஏன் விட்டார்? மேடை நடுக்கம் என்கிறார்கள், குடி என்கிறார்கள். என்னைக் கேட்டால் ஒரு காரணத்துக்காக மட்டும் யாரும் விடுவதில்லை. விட்டவர்கள் சொல்வதுமில்லை. நீ அத்தையின் அறுபதுக்கு வராததற்கும் வேலை என்றுதான் சொன்னாய். குறை சொல்லவில்லை. உன்னைப் போல் ஒரு பெண் இந்தத் தெருவில் இல்லை என்று பால்காரரிடம்கூடச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

விடாமல் இருந்தவர்களுக்கு மட்டும் என்ன கிடைத்தது? ஹெர்பி நிக்கல்ஸ் என்ற பியானோக்காரர் கடைசிவரை விடவில்லை. 1955, 56இல் அவர் பதிந்தவற்றைக் கேட்டால் பியானோ ஒரு வரி சொல்ல, டிரம்ஸ் பதில் சொல்லும். பாலக்கரை சபாவில் மிருதங்கத்துக்கு அருகே இடம் பிடித்து உட்காருவாயே, உனக்குப் பிடிக்கும். அவர் போட்ட மெட்டு ஒன்றுக்கு பில்லி ஹாலிடே என்ற பாடகி சொற்கள் எழுதிப் பாடினார். பாட்டு அந்த அம்மாளின் பெயரோடு நின்றுவிட்டது, மெட்டுப் போட்டவர் வயிற்றுப்பாட்டுக்குத் தனக்குப் பிடிக்காத பழைய பாணிக் குழுக்களில் வாசித்துக்கொண்டிருந்தார். 1963இல் ரத்தப் புற்றுநோய். வயது 44. டீனா ப்ரூக்ஸ் என்ற சாக்ஸபோன்காரர் தன் தலைமையில் நான்கு இசைத்தட்டுகளுக்குப் பதிந்தார், உயிரோடிருந்தபோது வெளிவந்தது ஒன்றே ஒன்று.

ஹஸான் இப்ன் அலி கதை இன்னும் மோசம். பிலடெல்பியாவின் பியானோக்காரர். 1965இல் அவர் பதிந்த இரண்டாவது இசைத்தட்டு வெளிவரவில்லை. 1978இல் கிடங்கில் தீப்பிடித்து ஒலிநாடாவும் போயிற்று என்றே எல்லோரும் நினைத்தார்கள். எங்கோ ஒரு பிரதி தப்பியிருந்தது. 2021இல் வெளியிட்டார்கள். கேட்க அவர் இல்லை. பெட்டிக்குள் ஐம்பது வருடத்துக்கு மேல்

பாப்பா, இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.

சித்திரையில் நீ வந்திருந்தபோது காப்பீட்டுப் பத்திரம் தேடி பீரோவைத் திறந்தாய். பத்திரங்களுக்கு அடியில் இருந்த பழுப்பு உறையை எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாய். கூடத்திலிருந்து நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். 2017இல் பெரியம்மாவிடம் நீ கொடுத்தனுப்பிய சிடி. நீ ஒட்டிய டேப் ஒட்டியபடியே இருந்தது.

"இரண்டாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது" என்று அப்போது போனில் சொன்னேன். நீ போட்ட மெட்டு மூன்று இருக்கிறது என்று பெரியம்மா சொல்லியிருந்தாள், நடுவில் ஒன்றைச் சொல்லிவைத்தேன். நீ அதை நம்பி, இரண்டாவதைப் போலவே இன்னும் இரண்டு எழுதியிருக்கிறேன் அப்பா என்றாய். அன்றைக்காவது பிரித்திருக்கலாம்.

நேரமில்லை என்று சொன்னால் நீ சிரிப்பாய். செத்துப்போன அமெரிக்கர்களைத் தேடித் தேடிக் கேட்க நேரமிருக்கிறது. சுமாராக இருந்தால் உன்னிடம் பொய் சொல்ல வேண்டிவருமே என்று பயந்தேன். நன்றாக இருந்துவிட்டாலோ, சேலத்தில் உன் பியானோ வாத்தியாரிடம் நான் பேசிய பேச்சையும், உன்னைக் கணக்குப் படிக்க அனுப்பியதையும் என்ன செய்வது? அதற்குத்தான் இன்னும் அதிகமாகப் பயந்தேன். பிரிக்காமலே பொய் சொன்னேன்.

நீயும் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது ஜன்னலோரம் காலி. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அம்மா சொல்கிறாள். அவளிடம் உறையைப் பற்றி நான் சொல்லவில்லை.

நம் வீட்டு சிடி பெட்டி ஓடுவதில்லை. மாமா வீட்டில் ஒன்று இருக்கிறது, மாலை பஸ்ஸில் எடுத்துப் போகிறேன். உறையை நேற்று பிரித்தேன். மூன்றுக்கும் நீ தலைப்பு எழுதவில்லை. எது எதற்கு என்ன பெயர் என்று எழுது. அந்த வாத்தியத்தை விற்றுவிட்டாயா, இடம் மாற்றி வைத்திருக்கிறாயா என்பதையும் எழுது.

அன்புடன்,
அப்பா