செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: வில்பெனா முகாமும் அடுத்த ஆண்டுக்கான முன்மொழிவும்

தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதாந்த நடைகள் மொரியால்ட்டா, பெலேயர் பூங்காக்களில் வழக்கம்போல் நடந்தன. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார். எனவே, ஏப்பிரல் பள்ளி விடுமுறையில் தென் ஆஸ்திரேலியாவின் பிளின்டர்ஸ் மலைத்தொடரில் நாம் நடத்திய முகாமைப் பற்றியே இங்கு விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கே போவது என்பதில் சபைக்குள் நீண்ட விவாதம் நடந்தது. நடு ஆஸ்திரேலியாவின் பெரும் செம்பாறையான ஊலுரு வரை போய்வருவோம் என்றார்கள் சிலர். அடிலெயிட்டிலிருந்து அது ஒரு வழிக்கே 1,500 கிலோமீற்றருக்கு மேல். விடுமுறையில் பாதி வாகனத்துக்குள்ளேயே கழிந்துவிடும். சுமார் 430 கிலோமீற்றர் வடக்கே உள்ள வில்பெனாவில் கூடாரம் அடித்து, இடம் மாறாமல் தங்குவோம் என்றார்கள் மற்றவர்கள். அதுவே முடிவாயிற்று. நல்ல முடிவு. தங்கியிருந்ததால்தான் காலை வெயிலில் சிவந்த பாறை மாலையில் ஊதாவாக மாறுவதை, ஈமுக் கூட்டம் தினமும் ஒரே வழியால் போவதை எல்லாம் பிள்ளைகள் தாமாகவே கவனித்தார்கள். ஈமுவில் முட்டையை அடைகாப்பது ஆண் பறவைதான் என்று அறிந்ததும் அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு முடிவே இல்லை.

வில்பெனா பவுண்ட் என்பது விளிம்பு உயர்ந்த பெரிய தாம்பாளம் போன்ற நிலம். அது எரிமலை வாய் என்று பலர் நினைத்திருந்தார்கள். உண்மையில் மடிந்து வளைந்த பாறை அடுக்குகள், கோடிக்கணக்கான ஆண்டுகள் தேய்ந்தபின் எஞ்சிய வடிவம் அது. அதனுள்ளே ஹில் குடும்பத்தார் கோதுமை பயிரிட்டு வாழ்ந்த சிறு வீடு இன்னும் நிற்கிறது. 1914இல் வந்த வெள்ளம் அவர்கள் பாடுபட்டுப் போட்ட பாதையை அடித்துச் செல்ல, அவர்கள் அந்த இடத்தையே விட்டுப் போனார்கள். வங்காரா காட்சிமுனைக்குப் போகும் வழியில் அந்த வீட்டு வாசலில் அமர்ந்து நாம் சாப்பிட்டோம். முதியவர்களும் அதுவரை நடந்து வந்தது எனக்குப் பெருமகிழ்ச்சி.

செயின்ட் மேரி சிகரம் பற்றி விளக்கமாகவே சொல்ல வேண்டும். ஏறத்தாழ 1,170 மீற்றர் உயரமுள்ள இதுவே மலைத்தொடரின் மிக உயர்ந்த சிகரம். இளைஞர்கள் உச்சி வரை ஏற ஆசைப்பட்டார்கள். ஆனால் இது இங்கத்தைய பூர்வகுடிகளான அட்னமத்தனா மக்களின் மண். இங்கே கூடியிருந்தவர்களைச் சுற்றி வளைத்து விழுங்கிய இரண்டு அகுர்ரா நாகங்களின் உடல்களே பவுண்டின் சுவர்கள் என்பது அவர்களின் தொல்கதை. சிகரம் அவற்றில் ஒன்றின் தலை. உச்சிக்கு ஏற வேண்டாம் என்று அவர்கள் வருவோரைக் கேட்டுக்கொள்கிறார்கள். சட்டத்தில் தடையில்லை, வேண்டுகோள்தான். வேண்டுகோள் என்பதாலேயே அதை மதிக்க வேண்டும் என்று சபை தீர்மானித்தது. உச்சிக்குக் கீழுள்ள டாண்டெரா மேட்டுடன் இளைஞர்கள் திரும்பினார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றி வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிரக்கினா பள்ளத்தாக்கில் 20 கிலோமீற்றர் நீளமான மண் பாதை இருக்கிறது. பாறைகளின் வயதைச் சொல்லும் பலகைகள் வழிநெடுக நடப்பட்டுள்ளன. 1946இல் ரெஜ் ஸ்பிரிக் எடியகாரா குன்றுகளில் கண்ட மெல்லுடல் உயிர்களின் சுவடுகள் 55 கோடி ஆண்டுகள் பழமையானவை. 2004இல் புவியியலாளர் ஒரு காலப்பகுதிக்கே எடியகாரன் என்று பெயரிட்டபோது, அதன் தொடக்கத்தைக் குறிக்கும் அடையாள ஆணியை இந்தப் பள்ளத்தாக்கின் ஓடைக்கரையில்தான் பதித்தார்கள். மாலையில் அங்கேயே சிறு கங்காரு போன்ற மஞ்சட்கால் பாறை வல்லபிகளைக் கண்டோம். வளையம் வளையமான வால், பாறைக்குப் பாறை தாவல்! நரியும் ஆடும் பெருகியதால் அருகிப்போன இனம் அது. 1992இல் தொடங்கிய ‘பவுன்ஸ்பேக்’ திட்டம் நரியையும் ஆட்டையும் கட்டுப்படுத்திய பிறகே மீண்டு வருகிறது.

இரவுகளுக்காகவே தேய்பிறை நாட்களைத் தெரிந்தெடுத்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அம்மம்மா ஒருவர், ஊரில் தெற்கே தாழ்வாகப் பார்த்த அகத்திய நட்சத்திரத்தைத் தென்மேற்கில் அத்தனை உயரத்தில் கண்டதும் பேரப்பிள்ளைகளை எழுப்பிக் கூட்டி வந்தார். ஊரில் எளிதில் காணக் கிடைக்காத, முகில்போல் தெரியும் விண்மீன் திரள்களான மகெல்லன் முகில்களை அவர்கள் அவருக்குக் காட்டினார்கள். தேத்தண்ணி ஆறிப்போனதை ஒருவரும் கவனிக்கவில்லை.

பாதுகாப்பு பற்றியும் பதிவு செய்கிறேன். வில்பெனாவைத் தாண்டினால் தொலைபேசியை நம்ப முடியாது. ஆகவே சங்கம் ஓர் அவசர சமிக்ஞைக் கருவியை வாங்கி, ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் பதிந்துள்ளது; பதிவு இலவசம். காய்ந்த ஓடைகளில் நிற்கும் முதிய யூகலிப்டஸ் மரங்கள் காற்றே இல்லாமலும் பெருங்கிளையை முறித்துப் போடும் என்பதால் அவற்றின் கீழ் கூடாரம் அடிக்க அனுமதிக்கவில்லை. பூங்காவுக்குள் விறகு பொறுக்கக் கூடாது. காய்ந்த கிளையும் பல்லிக்கும் பூச்சிக்கும் வீடுதான். புட்டும் சம்பலும் எரிவாயு அடுப்பிலேயே அருமையாக அமைந்தன. கங்காருகள் சாலைக்கு வரும் நேரம் என்பதால் பொழுது சாய்ந்தபின் எவரும் வாகனம் ஓட்டவில்லை. இந்த விதிகள் எல்லா முகாம்களுக்கும் தொடர வேண்டும்.

அடுத்த ஆண்டுக்கு மேலும் வடக்கே உள்ள ஆர்க்கரூலாவை முன்மொழிகிறேன். 2023இல் அது, செயற்கை ஒளி மிகக் குறைந்த சர்வதேச இருள்வான் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அங்கே போகும் மண் சாலைகள் மழை பெய்தால் மூடப்படும்; மூடிய சாலையில் ஓட்டினால் அபராதம். எனவே திரும்பும் நாளை இறுக்கமாக வைக்காமல், ஓரிரு நாட்கள் கூடுதலாக விடுப்பு எடுக்கக்கூடியவர்கள் மட்டும் பெயர் கொடுக்கவும். வில்பெனாவைப் போலவே அங்கும் ஒரே இடத்தில்தான் தங்குவோம்.

சமையல் பொறுப்பேற்ற அக்காமார், வாகனம் தந்த குடும்பங்கள், பிள்ளைகளைப் பொறுமையாக நடத்திச் சென்ற இளைஞர் அணி ஆகியோருக்குச் சபையின் நன்றி. இவ்வறிக்கையையும் ஆர்க்கரூலா முன்மொழிவையும் பொதுச்சபையின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்