டிஹியூமிடிஃபையர் ஈரப்பதத்தைத் தவறாகக் காட்டுவது குறித்த புகார்

பெறுநர்: மேலாளர் அவர்கள், விற்பனைப் பிரிவு, ரங்கூன்.

பொருள்: மே மாதம் வாங்கிய 20 லிட்டர் டிஹியூமிடிஃபையர் (அறைக் காற்றின் ஈரத்தை இழுத்துத் தொட்டியில் தண்ணீராகச் சேர்க்கும் மெஷின்) ஈரப்பதத்தைத் தவறாகக் காட்டி நின்றுவிடுவது, மின்வெட்டுக்குப் பின் தானாக ஓடாதது, மாற்றித் தரக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடையில் என்னிடம் தமிழிலேயே பேசினீர்கள், அதனால் புகாரையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு முன்னறையில் சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே இரண்டு அலமாரி நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. அப்பா கையால் எழுதி வைத்த பஜனைப் பாட்டு நோட்டுகளும் அவற்றில் உண்டு. ரங்கூன் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் மாதத்துக்கு 500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும். போன வருடம் ஓதம் ஏறிய சுவரை ஒட்டி இருந்த புத்தகங்கள் பாதி வீணாகின. இந்த வருடம் அப்படி ஆகக்கூடாது என்றுதான், மழைக்கு முன்பே காசு சேர்த்து உங்களிடம் வாங்கினேன்.

நீங்கள் சொன்னபடி எல்லாம் செய்தேன். ஜன்னலைச் சாத்தினேன், அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்தேன், ஈரத்துணியை அந்த அறையில் காயப்போடுவதை நிறுத்தினேன். மெஷினை 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் திரையில் 50 வந்துவிடும், மெஷின் நின்றுவிடும். தொட்டியில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட இருக்காது. அதே அறையில் பிரித்து வைத்த அப்பளம் மறுநாளே நமுத்துப்போனது. ஜூலை முதல் வாரத்தில் அப்பாவின் நோட்டை எடுத்தேன். காலிகோ அட்டையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூசணம் பூத்திருந்தது. உலர்ந்த துணியால் துடைத்தால் மாவு போல எழும்பியது. உள்ளே நான்கு பக்கங்களில் மை ஊறிப் பரவி, எழுத்தே தெரியவில்லை. அந்தப் பாட்டுகளுக்கு வேறு பிரதி கிடையாது.

உங்கள் டெக்னீஷியன் வந்தார். திரையைப் பார்த்தார், நீங்கள் இலவசமாகக் கொடுத்த சின்ன ஈரப்பத மீட்டரையும் பார்த்தார். “ரெண்டும் 50-தான் காட்டுது, மெஷின் நல்லா இருக்கு, சுவருக்குப் பூஞ்சை பிடிக்காத பெயிண்ட் அடிங்க” என்று சொல்லி வருகைக் கட்டணமும் வாங்கிக்கொண்டு போனார். ஈரச் சுவரில் பூசணத்தின் மேலேயே பெயிண்ட் அடித்தால் அது கொப்பளித்து உரியும். அதனால் அடிக்கவில்லை.

மீட்டர் சொல்வது சரியா என்று நானே சோதித்தேன். நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல் போல ஆக்க வேண்டும். உப்பு கரைந்துவிடக் கூடாது. அதையும் மீட்டரையும் காற்றுப் புகாத டப்பாவில் மூடி ஒரு நாள் வைத்தால், டப்பாவுக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். உப்பின் இயல்பு அது. உங்கள் மீட்டர் 56 காட்டியது. மூன்று முறை வைத்தேன், மூன்று முறையும் 56, 57-தான். பக்கத்து வீட்டு அண்ணனிடம் இருந்த வேறு மீட்டரை அதே டப்பாவில் வைத்தால் 75 காட்டியது.

அந்த நல்ல மீட்டரை மெஷின் பக்கத்தில் வைத்தேன். மெஷின் திரையில் 50, மீட்டரில் 71. பிள்ளைகளின் மூச்சுக்காற்றால் ஏறியிருக்குமோ என்று வகுப்பில்லாத நாளிலும் பார்த்தேன், அதே வித்தியாசம். 60-க்குள் இருந்தால் புத்தகம் பிழைக்கும். 70-க்கு மேலேயே நின்றால் காகிதம், துணி, தோல் எதிலும் பூசணம் பிடிக்கும். ஐம்பது என்று நம்பி இரண்டு மாதம் நிம்மதியாக இருந்துவிட்டேனே என்பதுதான் என் வருத்தம். மீட்டர் உண்மையைச் சொல்லியிருந்தால் நோட்டுகளை அன்றே வேறு இடத்துக்கு மாற்றியிருப்பேன்.

மெஷினின் மற்ற பாகங்களில் குறையில்லை. நிற்காமல் ஓடும் முறையில் வைத்ததும், கரண்ட் இருந்த நேரத்திலேயே தொட்டி நிறைந்தது. இரண்டாம் நாள் அறை 58-க்கு இறங்கியது. ஒரு நாளைக்கு 20 லிட்டர் வரவில்லையே என்று நான் கேட்கவில்லை. அது 30 டிகிரி வெப்பத்தில், 80 சதவீத ஈரப்பதத்தில் எடுத்த கணக்கு என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது. கெட்டிருப்பது ஈரப்பதத்தை அளக்கும் சென்சார்.

அப்புறம் இன்னொன்று. கரண்ட் போய்த் திரும்பினால் தானாக ஓடும் என்று கடையில் உறுதி சொன்னீர்கள். ஓடவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தால் எழுந்து போய்ப் பொத்தானை அமுக்குகிறேன். தூங்கிவிட்டால் விடியும்போது மறுபடி 70. மின்வெட்டு தினசரி நடக்கிற ஊரில் இதை மறைத்து விற்பது சரியில்லை.

நான் கேட்பது இதுதான்: இந்தக் கடிதம் கிடைத்த 10 நாளுக்குள் சென்சார் சரியாக இருக்கிற, கரண்ட் வந்ததும் தானாக ஓடுகிற மெஷினாக மாற்றித் தாருங்கள். அப்படி ஒரு மெஷின் உங்களிடம் இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். ஒரு வருட வாரண்டி இருக்கும்போது வாங்கிய வருகைக் கட்டணத்தையும் தர வேண்டும். புது மெஷினைக் கொண்டு வரும்போது என் மீட்டரோடு பக்கத்தில் வைத்துச் சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போடுவேன்.

இதே மாடலை வாங்கிய மற்றவர்களுக்கும் இன்றே போன் செய்து சொல்லுங்கள். ஆகஸ்ட் மழை இன்னும் பாக்கியிருக்கிறது, அவர்கள் திரையில் தெரியும் 50-ஐ நம்பிக்கொண்டிருப்பார்கள். ரசீது நகல், வாரண்டி அட்டை, உப்பு டப்பாவில் எடுத்த மூன்று படங்கள், அப்பாவின் நோட்டுப் பக்கங்களின் படம் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
ரங்கூன்.