2*2 பொக்ஸ்பார் கணக்கு ஏன் கூடிப் போச்சு

கடைக்கு வாற போற அண்ணாமார், அக்காமார், நானாமார் எல்லாருக்கும் வணக்கம்.

போன மாசக் கணக்குத் தாளப் பார்த்து சில பேருக்கு தலை சுத்தியிருக்கும், எங்களுக்கும்தான். பொக்ஸ்பார் எண்டு நாங்க சொல்ற, பெட்டி மாதிரி இருக்கிற இரும்புக் குழாய் வாங்கின, கிண்ணியாவில வெல்டிங் வேலை செய்யிற நானா ஒருத்தர் கோல் எடுத்து "தம்பி, நான் 2*2 பொக்ஸ்பார் 20தானே எடுத்தன், நீங்க 35 போட்டிருக்கீங்க, மிச்சம் 15ம் பாலத்துல வச்சு கடலுக்க விழுந்திட்டா" எண்டு கேட்டார். பில் புத்தகத்த பிரிச்சா அவர் சொல்றது சரி. 2*2ல 20, 2*1 1/2ல 15. ஆனா எக்செல் ஷீட்ல 2*2க்கு நேரா 35, மற்றதுக்கு நேரா திரும்பவும் 15. அதாவது அந்த 15க்கு ரெண்டு தரம் காசு. ரைப் பண்ணக்குள்ள வந்த பிழை எண்டு நினைச்சு ரெண்டு நாள் தேடினம், ஒண்டும் அம்பிடல்ல.

பிழை அந்த நட்சத்திரக் குறிலதான் கிடந்திருக்கு. நமக்கு * எண்டா பெருக்கல், ரெண்டுக்கு ரெண்டு. ஆனா சம்இஃப் (பேர் பொருந்துறதுகளக் கூட்டுறது), கவுண்ட்இஃப் (அதுகள எண்ணுறது), விலுக்அப் (பேரத் தேடி விலைய எடுக்கிறது) மாதிரி ஃபோர்முலாவுக்குள்ள தேடுற சொல்லா அது போனா எக்செல் அத வேற மாதிரி எடுக்கும்: "இந்த இடத்துல என்ன எழுத்தும் எத்தனையும் வரலாம், ஒண்டுமே இல்லாட்டியும் பரவாயில்ல". அப்ப "பொக்ஸ்பார் 2*2" எண்டு தேடினா, "பொக்ஸ்பார் 2"ல தொடங்கி 2ல முடியிறது எல்லாம் அதுக்கு சரிதான். 2*1 1/2ட கடைசில இருக்கிற அந்த அரைட 2அ பாருங்க, அதுதான் கள்ளன். 2*1க்கு இந்தக் கரைச்சல் வரல்ல, கடைசில 1 எண்டபடியா, அதாலதான் கண்டுபிடிக்க இவ்வளவு நாள் போச்சு.

எங்கட விலைப்பட்டியல வட்ஸ்அப்ல எடுத்து விலுக்அப் போட்டு எஸ்டிமேட் அடிக்கிற ஆக்கள் இத கட்டாயம் பாருங்க. விலுக்அப் முதல் அம்பிடுறத எடுத்திட்டு நிண்டிரும். பட்டியல்ல சின்ன சைஸ் மேல, பெரிசு கீழ, அப்ப 2*2க்கு 2*1 1/2ட விலைதான் வந்திருக்கும். வீட்டுக்காரருக்கு அந்த விலையச் சொல்லிட்டீங்க எண்டா கடைக்கு வாங்க, இருந்து கதைப்பம்.

திருத்திறது லேசு. நட்சத்திரத்துக்கு முன்னால ~ போடணும், கீபோர்ட்ல எஸ்கேப்புக்குக் கீழ இருக்கிற அலைக்கோடு, ஷிஃப்ட் பிடிச்சு அமத்தணும். "பொக்ஸ்பார் 2~*2" எண்டு குடுத்தா நட்சத்திரத்த நட்சத்திரமாவே தேடும். பேர் ஏ2 கட்டத்துல இருக்கு, அதத்தான் ஃபோர்முலா எடுக்குது எண்டா, வெறும் ஏ2 இருக்கிற இடத்துல சப்ஸ்டிடியூட்(ஏ2,"*","~*") எண்டு போடுங்க, பட்டியல்ல கை வைக்கத் தேவையில்ல.

ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸ்ல மட்டும் கவனம். என்ட தம்பி கெட்டிக்காரன், ஃபைண்ட்ல * போட்டு ரிப்ளேஸ்ல × போட்டு ரிப்ளேஸ் ஆல் அமத்தினான், விலைப்பட்டியல் முழுக்க ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரே ஒரு × மட்டும் மிச்சம், பேரும் இல்ல விலையும் இல்ல! கண்ட்ரோல் இசட் காப்பாத்திச்சு. அங்கயும் ~* எண்டுதான் போடணும்.

கேள்விக்குறியும் இதே சாதிதான், அது ஒரே ஒரு எழுத்துக்கு நிக்கும். கையிருப்பு சந்தேகமான சாமானுக்குப் பின்னால நாங்க ? போடுற பழக்கம், அத எண்ணுறதுக்கு "*?" குடுத்தா பேர் எழுதின கட்டம் எல்லாத்தையும் எண்ணிக் குடுக்கும், "*~?" தான் சரி. இன்னொரு பகிடி, ஆணி எண்டது நமக்கு ரெண்டு எழுத்து, எக்செல்லுக்கு மூண்டு, ண வேற மேல இருக்கிற அந்த 'ி' வேற எண்டு எண்ணுது, அதால தமிழ்ல பேர் எழுதினா கேள்விக்குறிய நம்பி இறங்காதீங்க.

நட்சத்திரம் கூடாத சாமான் எண்டு சொல்லல்ல. "பொக்ஸ்பார்*" எண்டு குடுத்தா எல்லா சைஸ் பொக்ஸ்பாரையும் ஒரே அடில கூட்டித் தரும், நாங்களே பாவிக்கிறம். வெறும் நம்பரா அடிச்ச சாமான் கோட் நம்பருக்கு மட்டும் வேலை செய்யாது, எழுத்தா இருக்கோணும். புது எக்செல்ல விலுக்அப்புக்குப் பதிலா எக்ஸ்லுக்அப் பாவிக்கிறவங்களுக்கு இந்தப் பிரச்சினையே வந்திருக்காது, நாமளா கேட்டால் ஒழிய அது நட்சத்திரத்த நட்சத்திரமாத்தான் பார்க்கும்.

அடுத்த பட்டியல்ல இருந்து எல்லா சைஸும் 2×2 எண்டுதான் வரும், பழைய ஃபைல அழிச்சிருங்க, ரெண்டையும் கலக்க வேணாம். திருத்தின கணக்குத் தாள் மூதூர், கிண்ணியா, நிலாவெளிப் பக்கம் சனிக்கிழமை லொறியோட வரும், டவுன் ஆக்கள் கடைல எடுக்கலாம். கூடக் கட்டினவங்கட காச அடுத்த பில்லுல கழிப்பம், கையில வேணுமெண்டா பழைய தாளக் கொண்டு வாங்க.