கோட்டின் மேல் பைக், ஓரத்தில் நாங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்குப் போகும் வழியில், சாலையைக் கடக்க அம்மாவுடன் நேற்றும் பத்து நிமிடம் நின்றேன். வரிக்குதிரைக் கோடு பாதி அழிந்துவிட்டது. மிச்சமிருந்த கோட்டின் மேல் பைக்குகள். அம்மா பூக்கூடையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே இறங்கினார். வந்த ஆட்டோ நிற்கவில்லை, ஹாரன்தான் அடித்தது.

சிக்னல் இல்லாத கடவையில் வண்டிக்காரர்தான் வேகத்தைக் குறைத்து, நின்று, நடப்பவருக்கு வழிவிட வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகளே அப்படித்தான் சொல்கின்றன. பெரிய சந்திப்புகளில் கேமரா இருக்கிறது, சரி. எங்கள் தெருமுனையில் கேமராவும் இல்லை, காவலரும் இல்லை. முதலில் அந்தக் கோட்டையாவது திரும்ப அடியுங்கள். அப்புறம் காலை எட்டு முதல் பத்து வரை ஒரு காவலரை நிறுத்துங்கள்.

– வாசகர், அல்சூர், பெங்களூரு