கட்டையில் ஆசிட் ஊற்றாதீர்கள், மேட்டுப்பாத்தி போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடிப்பட்டம் நெருங்குகிறது. வீட்டோரம் இருந்த பழைய செம்பருத்தி, மருதாணிப் புதர்களை வெட்டிவிட்டுக் காய்கறி போடலாம் என்று கிளம்பும் எங்கள் தெருக்காரர்கள், அந்தக் கட்டையைச் சாகடிக்க என்ன ஊற்றலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஆசிட், கல்லுப்பு, மண்ணெண்ணெய் என்று ஆளுக்கொரு யோசனை. தயவுசெய்து எதையும் ஊற்றாதீர்கள். நாம் சாப்பிடப்போகும் கத்தரிக்காய் அதே மண்ணில்தான் வேர்விடப் போகிறது.

கடப்பாரை போட்டு முழு வேரையும் தோண்டவும் வேண்டாம். தரைக்கு 4 அங்குலம் கீழே அறுத்துவிட்டு, பழைய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து இரண்டு மூன்று அடுக்காகப் பரப்பி நனைத்து, சுற்றிலும் செங்கல் அடுக்கி மண்ணும் மக்கிய சாணமும் நிரப்பினால் போதும், மேட்டுப்பாத்தி தயார். பாத்தியின் உயரம் கீரைக்கு முக்கால் அடி தாராளம், கத்தரி, தக்காளி என்றால் ஒன்றரை அடியாவது வேண்டும்.

நான் முதல் வருடம் முக்கால் அடி போட்டுக் கத்தரி நட்டேன். ஒரே மாதத்தில் அடி இலைகள் எல்லாம் வெளுத்து மஞ்சளாகிவிட்டன. பூச்சியாக இருக்கும் என்று மருந்து தேடி அலைந்து, கடைசியில் ஒரு செடியின் பக்கத்தில் கையை விட்டுக் கிளறினால், செம்பருத்தி வேர் முழுக்க வெள்ளை நூல் மாதிரி பூஞ்சை, குப்பென்று காளான் வாசனை. செத்த வேரை மக்க வைக்கும் பூஞ்சை தனக்கு வேண்டிய தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, சுற்றியுள்ள மண்ணிலிருந்து இழுத்துக்கொள்கிறது, செடி பட்டினி கிடக்கிறது, அவ்வளவுதான். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துத் தண்ணீர் கலந்து வாரம் ஒருமுறை ஊற்றினேன், அப்புறம் வந்த துளிர் பச்சையாக வந்தது. இப்போது யார் கேட்டாலும் முதல் போகம் கொத்தவரையோ தட்டைப்பயறோ போடுங்கள் என்கிறேன், அவற்றின் வேர் முடிச்சுகள் காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும்.

செம்பருத்தியும் மருதாணியும் லேசில் விடாது, அட்டையைக் கிழித்துக்கொண்டு துளிர் வரும். பார்த்த அன்றே கிள்ளிவிடுங்கள், இலை விடாத கட்டை கொஞ்ச நாளில் தானே சோர்ந்து செத்துப்போகும். வேர் மக்க மக்கப் பாத்தி அமுங்கும், வருடத்துக்கு ஒருமுறை எருவும் மண்ணும் போட்டு ஏற்ற வேண்டும். வீட்டுச் சுவரிலிருந்து இரண்டடியாவது தள்ளியே பாத்தி போடுங்கள், செத்த கட்டைக்குக் கரையான் வரக்கூடும். வெட்டியது அரளி என்றால் அதை விறகாக எரிக்காதீர்கள், புகையும் நஞ்சு.

உங்கள் தோட்டப் பக்கத்தில் மாடித்தோட்டம் பற்றி நிறைய வருகிறது, நல்லது. தரையில் பழைய வேரோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கும் ஆடி பிறக்கும் முன்னே ஒரு வாரம் இடம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை