செட்டைக் கடைசிக்குத் தள்ளாதே

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ இயக்கும், ரஷ்ய எழுத்தாளர் செக்காவின் ‘மூன்று சகோதரிகள்’ நாடகத்துக்கு ஒத்திகை ஆரம்பித்துவிட்டது, மேடை செட்டைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று போனில் சொன்னாய். எனக்கு மனசு கேட்கவில்லை. படுதாவும் தட்டியும் கட்டியே உன்னை வளர்த்தவன் நான்.

தி.நகரிலும் மயிலாப்பூரிலும் சபா நாடகங்களுக்கு நாங்கள் கட்டியது பெரும்பாலும் ஒரே வீடுதான். நடுவில் சோபா, ஒரு பக்கம் வாசல், மறுபக்கம் சமையலறை. வேனில் ஏற்றி இறக்க வசதி. ஆனால் சோபாவைப் போட்டதுமே பாதி நாடகம் முடிவாகிவிடும். எல்லாரும் ஜனங்களைப் பார்த்து உட்கார்ந்து பேசுவார்கள். அம்மா வேஷக்காரி காபியோடு வந்து, வந்த வழியே போவாள். அவள் ஒருநாள் வாசல் பக்கம் போய் நின்றால் கதை என்ன ஆகும்? அந்தக் கேள்வி இயக்குநருக்கு வரவே அந்த வீடு விடாது.

நம் தெருக்கூத்தில் அரண்மனையே கிடையாது. இரண்டு பேர் பிடிக்கிற திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனன் வருகிறான். ராஜ்ஜியம் முழுக்க அவன் உடம்பிலும் குரலிலும்தான் இருக்க வேண்டும். 1949-இல் பெர்லினில் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட், போர்க்களம் போர்க்களமாக வண்டியில் வியாபாரம் செய்கிற ஒருத்தியின் கதையான ‘மதர் கரேஜ்’ போட்டபோது, அவள் வண்டியை இழுக்க இழுக்க சுழல்மேடை எதிர்த்திசையில் சுழன்றது. நடக்கிறாள், நடக்கிறாள், இருந்த இடத்திலேயே இருக்கிறாள். போரை நம்பிப் பிழைப்பவளின் கதி அந்தத் தரையிலேயே தெரிந்துவிடுகிறது.

சரி, உன் நாடகத்துக்கு வருகிறேன். செக்காவ் எழுதியிருக்கும் இடங்களை வரிசையாகப் பார். முதல் இரண்டு அங்கமும் வீட்டுக் கூடம். மூன்றாவதில் சகோதரிகளில் ஓல்காவும் இரினாவும் ஒரே அறையில் ஒண்டிக்கொண்டிருக்கிறார்கள். நான்காவதில் வீட்டுக்கு வெளியே, தோட்டம். அண்ணி நதாஷா அவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே வருகிறாள். நீ, மாஸ்கோவுக்கே திரும்பிப் போக வேண்டும் என்கிற சகோதரிகளின் ஏக்கத்தைப் பற்றியே பேசினாய். எனக்கு இது வீடு பறிபோகிற கதையாகத்தான் படுகிறது. கூடத்தை அகலமாக வைத்து, அறையில் கட்டில்களை நெருக்கிப் போட்டால் நடிகைகள் குரலே மாறும். வீடே வேண்டாம், வெறும் மேடை போதும் என்றால் அதுவும் சரி. அப்போது நாடகம் ஏக்கத்தின் பக்கம் சாயும். எது வேண்டும் என்று நீதான் சொல்ல வேண்டும், அதை இப்போதே சொல்ல வேண்டும்.

செட் டிசைனரை இந்த வாரமே ஒத்திகைக்குக் கூப்பிடு. தரையில் டேப் ஒட்டிச் சுவரையும் கதவையும் குறித்துவிட்டு, மூன்றாம் அங்கத்தை அதற்குள் நடத்திப் பார். செட்டின் சின்ன மாடல் செய்ததும் போட்டோ அனுப்பு, அளவோடு.

அன்புடன்,
அப்பா