தோள் ஆபரேஷனுக்கு அப்புறம் மான் சீசனுக்கு எந்த தோட்டா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல தோள் தசைநார் ஆபரேஷன் பத்தி வந்த மருத்துவ பகுதிய படிச்சேன், ரொம்ப பயனுள்ளதா இருந்துச்சு, கார் எப்ப ஓட்டலாம், தலை எப்ப வாரலாம், ஷட்டில் எப்ப ஆடலாம்னு எல்லாமே சொல்லியிருந்தாங்க, ஆனா நான் இங்க மிச்சிகன்ல பிசியோதெரபி கிளினிக்ல ஓயாம என் காதுல விழற கேள்வி மட்டும் அதுல இல்ல. ஆகஸ்ட் பொறந்துடுச்சுன்னா தோள் ஆபரேஷன் முடிஞ்சு வர்ற ஆம்பள பொம்பள நிறைய பேர் கேக்குறது "நவம்பர் 15-க்குள்ள சரியாயிடுமா?"ங்கறதுதான். இங்க துப்பாக்கி மான் சீசன் நவம்பர் 15 ஆரம்பிச்சு 30 வரைக்கும் போகும், வடக்கு பக்கம் பல ஊர்ல அன்னைக்கு ஸ்கூலுக்கே லீவு. இப்ப நம்ம தமிழ் ஆளுங்களும் ஆபீஸ் நண்பர்களோட போய் பழகி, முறையா ஹன்டர் சேஃப்டி கிளாஸ் முடிச்சு, லைசென்ஸ் எடுத்து போறாங்க, நானும் என் வீட்டுக்காரரும் போறோம். அவங்களுக்கு தமிழ்ல இத பத்தி யாரும் எழுதி நான் பாக்கல, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

ஊர்ல இருந்து படிக்கிறவங்க மான் வேட்டையான்னு முகம் சுளிக்கலாம். இந்தியாவுல 1972 வனவிலங்கு சட்டப்படி மானை தொட்டா ஜெயில்தான், அங்க அது சரியான சட்டம். இங்க வெள்ளைவால் மான் எண்ணிக்கை தோட்டமும் ரோடும் தாங்க முடியாத அளவுக்கு போறதால வருஷா வருஷம் அரசாங்கமே டேக் (மானை எடுக்கற அனுமதிச் சீட்டு) குடுத்து எடுக்க சொல்லுது, கறியையும் யாரும் வீணாக்க மாட்டாங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். ரொட்டேட்டர் கஃப், அதாவது தோள் மூட்ட சுத்தி இருக்கற தசைநார், ஆபரேஷன்ல கிழிஞ்ச நாரை இழுத்து, எலும்புல சின்ன ஆங்கர் அடிச்சு தைக்கிறாங்க. அந்த நார் எலும்போட திரும்ப ஒட்டி வளரணும். நாலுல இருந்து ஆறு வாரம் கை ஸ்லிங்ல இருக்கும், பலம் ஏத்துற பயிற்சி பெரும்பாலும் மூணு மாசத்துக்கு அப்புறம்தான், கனமான வேலைக்கு ஆறு மாசம், கிழிசல் பெருசுன்னா ஒரு வருஷம் கூட ஆகும். வலி போறது முதல்ல, நார் ஒட்டறது ரொம்ப பின்னாடி, இந்த இடைவெளியிலதான் ஆளுங்க மாட்டிக்கிறாங்க. வலி இல்லையே, பழைய துப்பாக்கியவே எடுத்துட்டு போலாம்னு நினைக்கிறாங்க. எந்த தோட்டாவா இருந்தாலும் ஆபரேஷன் பண்ண டாக்டர் ஓகே சொல்லாம சுடவே கூடாது, நான் கீழ எழுதுறதெல்லாம் அவர் ஓகே சொன்னதுக்கு அப்புறம் உள்ள கதை. அவர்கிட்ட கேக்கும்போதும் "வேட்டைக்கு போலாமா டாக்டர்"னு மொட்டையா கேக்காதீங்க, எந்த தோள்ல கட்டை (துப்பாக்கியோட பின்பக்கம்) வச்சு சுடுவீங்க, எந்த கார்ட்ரிட்ஜ் (தோட்டா), துப்பாக்கி எவ்வளவு வெயிட்டுனு சொல்லி கேளுங்க, ஏன்னா எல்லா சர்ஜனும் துப்பாக்கி புடிச்சவங்க இல்ல.

ரீகாயில்ங்கறது, அதாவது சுடும்போது துப்பாக்கி பின்னாடி உதைக்கறது, ஒண்ணும் மந்திரம் இல்ல. குண்டு எவ்வளவு கனம், எவ்வளவு வேகத்துல போகுது, உள்ள எவ்வளவு பவுடர் எரியுது, துப்பாக்கி எவ்வளவு வெயிட், இந்த நாலும் சேர்ந்துதான் தோள்ல வந்து உதைக்குது. இத அடி-பவுண்டு கணக்குல சொல்லுவாங்க. எட்டு பவுண்டு துப்பாக்கியில இங்க தாத்தா காலத்துல இருந்து எல்லாரும் வச்சிருக்கற .30-06ங்கற தோட்டா, 180 கிரெயின் (குண்டோட எடைய சொல்ற சின்ன அளவு) குண்டோட சுமாரா 20 வரும். இனி வர்ற பேரெல்லாமும் தோட்டா வகைதான். .300 வின்செஸ்டர் மேக்னம் 25-ஐ தாண்டும். .270 பதினாறு பதினேழு, .308 அத ஒட்டி கொஞ்சம் கம்மி. 7 எம்எம்-08 பன்னிரண்டு பதிமூணு, 6.5 கிரீட்மூர் அதுக்கும் ஒரு சுத்து கீழ, .243 வின்செஸ்டர் ஒம்பது கிட்ட. அதாவது .30-06-ல இருந்து .243-க்கு இறங்கினா உதை பாதிக்கும் கீழ போயிடுது. 12 கேஜ் ஷாட்கன்ல (பெரிய குழாய் துப்பாக்கி) ஸ்லக்னு கனமான ஒத்தை குண்டு போட்டு சுடறவங்களுக்கு 30-க்கும் மேல கூட போகும், தோள் ஆபரேஷன் ஆனவங்க முதல்ல கைவிட வேண்டியது அதத்தான்.

துப்பாக்கி வெயிட்ட பத்தி கொஞ்சம் அழுத்தி சொல்லணும், ஏன்னா இதுலதான் நிறைய பேர ஏமாத்துறாங்க. என்கிட்ட வர்ற ஒரு அம்மா, வயசு அறுபதுக்கு மேல, வலது தோள் ஆபரேஷன், ஒரு கடையில போய் நிலைமைய சொல்லியிருக்காங்க, அந்த ஆளு "தூக்க ஈசியா இருக்கும் மேடம்"னு ஆறு பவுண்டு கூட இல்லாத மலை ரைஃபிள் ஒண்ணை .308-ல தலையில கட்டி அனுப்பிட்டான். தூக்க ஈசிதான், சுட்டா? அதே தோட்டா எட்டு பவுண்டு துப்பாக்கியில குடுக்குற உதைய விட ஆறு பவுண்டுல மூணுல ஒரு பங்கு அதிகமா குடுக்கும், கணக்கே அப்படித்தான். .243-ஐயே அவ்வளவு லேசான துப்பாக்கியில போட்டா 12 வந்துடும், அதுக்கு எட்டு பவுண்டு கிரீட்மூரே மேல். நீங்க உக்காந்து பாக்குற வேட்டைதானே செய்யப் போறீங்க, நாள் பூரா மலை ஏற போறதில்லையே, ஸ்கோப்போட சேர்த்து எட்டரை ஒம்பது பவுண்டு இருந்தா என்ன, ஷூட்டிங் ஸ்டிக்ல (துப்பாக்கிய தாங்குற கம்பு) சாச்சு வச்சுக்கங்க, கை தாங்கவே வேணாம். அந்த அம்மா அத குடுத்துட்டு கொஞ்சம் கனமான .243 வாங்கினாங்க, இப்ப சந்தோஷமா இருக்காங்க.

"இவ்வளவு சின்ன குண்டுல மான் விழுமா?"ன்னு கேப்பீங்க, எல்லாரும் கேக்குறாங்க, முக்கியமா ஆம்பளைங்க. .243 தோட்டா 1955-ல .308-ஓட பித்தளைக் கூட்டையே கழுத்த சுருக்கி செஞ்சது, அன்னையிலிருந்து அது எத்தனையோ வெள்ளைவால் மானை எடுத்திருக்கு. 7 எம்எம்-08 1980, கிரீட்மூர் 2007, ரெண்டுமே மானுக்கு தாராளம். ஸ்வீடன்ல கிரீட்மூர் அளவு குண்டு போடற பழைய 6.5 தோட்டாவால மூஸ்ங்கற ராட்சச மானையே எடுக்கறாங்க, அது நம்ம மானை விட பல மடங்கு பெருசு. மான் சாகறது குண்டு இதயத்துலயும் நுரையீரல்லயும் போறதால, தோள்பட்டைக்கு பின்னாடி அந்த ஒரு சாப்பாட்டு தட்டு அளவு இடத்துல போனா .243-ம் போதும், வயித்துல போனா .300 மேக்னமும் உதவாது.

ஆனா .243 எடுக்கறவங்க டப்பாவ படிச்சு வாங்கணும். அதே .243-ல 55, 58 கிரெயின்னு லேசான குண்டும் விக்கறாங்க, அது கொயோட்டி மாதிரி சின்ன மிருகத்துக்கு, பட்ட உடனே தெறிச்சு மேலயே நின்னுடும், மான் காயத்தோட ஓடிடும். மானுக்கு 95, 100 கிரெயின்ல வேட்டைக்குன்னே செஞ்ச குண்டு வேணும், இல்ல முழு காப்பர்னா 80, 85 கிரெயின் கூட உள்ள நல்லா இறங்கும். கலிஃபோர்னியாவுல இருக்கறவங்களுக்கு 2019 ஜூலைல இருந்து வேட்டைக்கு ஈயம் இல்லாத குண்டுதான் சட்டம், அவங்க நேரா காப்பருக்கு போயிடலாம்.

சட்டம் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொண்ணு, இத பாக்காம துப்பாக்கி வாங்கிடாதீங்க. உதை வேணாம்னு .223-க்கு இறங்கலாம்னு சிலர் நினைக்கிறாங்க, அதுல மூணு நாலுதான் வரும், தோளுக்கு ஒண்ணுமே தெரியாது, ஆனா வர்ஜீனியாவுல மானுக்கு குண்டோட குறுக்களவு .23 அங்குலத்துக்கு கீழ எடுக்கவே கூடாது, கொலராடோவுல .24 இருக்கணும். அனுமதிக்கிற இடத்துலயும் என் மனசுக்கு அது ஒப்பல, கைதேர்ந்தவங்க கிட்டக்க போய் சுடறது வேற, ஆபரேஷன் முடிஞ்சு கை இன்னும் முழுசா அடங்காதவங்க சுடறது வேற. ஒஹாயோ, அயோவா, தெற்கு மிச்சிகன் பக்கம் கூடு கழுத்து சுருங்காம நேரா இருக்கற நேர்சுவர் தோட்டாதான்னு பல வருஷமா விதி இருந்து வந்திருக்கு, அந்த மாதிரி இடத்துல .243-ம் கிரீட்மூரும் வச்சுக்கிட்டு நிக்க முடியாது. அங்கெல்லாம் வின்செஸ்டர் 2019-ல கொண்டுவந்த 350 லெஜண்ட்ங்கற நேர்சுவர் தோட்டா ஒரு வரப்பிரசாதம், உதை .243 அளவுதான், 150 கஜத்துக்குள்ள மானுக்கு போதும். ஸ்லக் போட்டு தோளை ஒடச்சிக்கிட்டு இருந்த எத்தனையோ பெருசுங்க இதுக்கு மாறியிருக்காங்க. விதி மாறிக்கிட்டே இருக்கும், அந்தந்த வருஷத்து விதிப் புத்தகத்த பாத்துக்கங்க.

புதுசா வாங்க காசு இல்லன்னா இருக்கற துப்பாக்கிக்கே வழி இருக்கு. ஹார்னடி கஸ்டம் லைட்னு உதை கம்மி பண்ண தோட்டா .308-க்கும் .30-06-க்கும் கிடைக்குது, கிட்டக்க சுடற காட்டு வேட்டைக்கு அது தாராளம், ஆனா குண்டு வேற இடத்துல போய் விழும், அதனால ஸ்கோப்ப திரும்ப ஜீரோ பண்ணியே (குறி சரி பண்ணியே) ஆகணும். கட்டை பின்னாடி பழைய கல்லு மாதிரி ரப்பர் இருந்தா அத கழட்டிட்டு லிம்ப்சேவர் மாதிரி மெத்துன்னு ஒரு பேட் போடுங்க. ஆனா பேட் தடிமன்ல கட்டை நீளமாயிடும், நவம்பர் குளிருக்கு தடி ஜாக்கெட்டும் போட்டா துப்பாக்கி தோள் குழிக்கு வராம கை எலும்பு மேல போய் நிக்கும், ஆபரேஷன் பண்ணதே அங்கதான். அதனால கடையில சட்டையோட நின்னு அளவு பாக்காம ஜாக்கெட்ட போட்டுக்கிட்டு பாருங்க. நான் கிளினிக்ல ஒரு நீளக் கம்ப குடுத்து புடிக்க சொல்லி பாப்பேன், நூத்துக்கு தொண்ணூறு பேர் முழங்கைய தூக்கிட்டு கம்ப வெளிய தோள் முனையில வைப்பாங்க, கழுத்தெலும்புக்கு கீழ, நெஞ்சு தசையோட சேர்ற குழிக்குள்ள வைக்கணும்னு விரல் வச்சு காட்டணும்.

குழாய் முனையில மசில் பிரேக்னு (வாயுவ பக்கவாட்டுல விடற துண்டு) ஒண்ணு போட்டா உதை நல்லாவே கம்மியாகும், ஆனா சத்தம் காத கிழிச்சிடும், பக்கத்துல உக்காந்திருக்கற உங்க புள்ளை காதும் போகும். சப்ரஸர் (குழாய் முனையில மாட்டற சத்தம் குறைக்கற கருவி) ரெண்டையும் கம்மி பண்ணும், மிச்சிகன்ல வேட்டைக்கு அனுமதி இருக்கு, பெடரல் பேப்பர் வேலை மட்டும் உண்டு, முடிஞ்சவங்க அதுக்கு போங்க.

பழக்கமும் முக்கியம். வலி வந்த தோள் மறக்காது, ட்ரிகர இழுக்கறதுக்கு முன்னாடியே கண்ண மூடி தோள முன்னாடி தள்ளும், இத இங்க ஃப்ளிஞ்ச்னு சொல்லுவாங்க. இருக்கா இல்லையான்னு பாக்க ஒரு வழி, நண்பர்கிட்ட மேகசின குடுத்து உங்களுக்கு தெரியாம நடுவுல ஒரு டம்மி (வெடிக்காத) தோட்டாவ போட சொல்லுங்க, டம்மி வர்றப்ப குழாய் முனை கீழ சட்டுனு குதிச்சா உங்களுக்கு அது இருக்கு. அப்படி இருக்கறவங்க .22-ல சுட்டு பழகுங்க, வீட்டுல காலி துப்பாக்கிய பல தடவ செக் பண்ணிட்டு டிரை ஃபயர் (தோட்டா இல்லாம ட்ரிகர இழுத்து பழகறது) பண்ணுங்க, ரேஞ்சுல பெரிய தோட்டா ஒரு நாளைக்கு நாலஞ்சுக்கு மேல வேணாம், அதையும் நின்னுக்கிட்டு சுடுங்க, பெஞ்சுல குனிஞ்சு உக்காந்தா உடம்பு பின்னாடி போக இடமில்லாம முழு உதையையும் தோளே வாங்கும். காதுக்கு பிளக்கும் மஃபும் ரெண்டும் போடுங்க, பாதி பயம் சத்தத்தாலதான்.

தோள் மட்டும் இல்ல, பைபாஸ் ஆனவங்களுக்கு நெஞ்செலும்ப கம்பி போட்டு கட்டியிருப்பாங்க, மூணு மாசமாவது பொறுக்கணும், அதுக்கு மேல டாக்டர் சொல்றதுதான். பேஸ்மேக்கர் வைக்கப் போறவங்க இத கட்டாயம் கேக்கணும், வழக்கமா இடது பக்கம் கழுத்தெலும்புக்கு கீழ வைப்பாங்க, வலது தோள்ல சுடறவங்களுக்கு பிரச்சனை இல்ல, இடது தோள்ல சுடறவங்க வைக்கறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, ஏன்னா கட்டை இடிச்சு உள்ள இருக்கற வயர் ஒடஞ்ச கேஸ் மருத்துவத்துல பதிவாகியிருக்கு. கண்ணுல விழித்திரை ஆபரேஷன் ஆனவங்களும் கண் டாக்டர கேக்காம சுடாதீங்க.

இன்னொண்ணு, சுடறதுல தப்பிச்சு இழுக்கறதுல மாட்டறவங்கதான் என்கிட்ட அதிகம் வர்றாங்க. குடல் எடுத்த பெரிய ஆண் மான் நூத்தம்பது பவுண்டு கூட இருக்கும், அத கொம்ப புடிச்சு காட்டுக்குள்ள கால் மைல் இழுத்தா எந்த தையலும் தாங்காது. பிளாஸ்டிக் ஸ்லெட் வச்சுக்கங்க, ஆள் கூப்பிடுங்க. மரத்து மேல கட்டற ஸ்டாண்டுல ஏறாதீங்க, அந்த வருஷம் தரையில பிளைண்ட் (மறைவுக் கூடாரம்) போட்டு உக்காருங்க, விழுந்து பெல்ட்டுல தொங்கினா மேல ஏற ரெண்டு தோளும் வேணும்.

அந்த பகுதிய எழுதுற டாக்டர்கிட்ட ஒரு கோரிக்கை, அடுத்த தடவ தோள் பத்தி எழுதும்போது துப்பாக்கி சுடறவங்களுக்கு எப்ப ஓகே சொல்லலாம், பேஸ்மேக்கர் எந்த பக்கம்னு ரெண்டு பத்தி சேர்த்து எழுதினா வெளிநாட்டுல இருக்கற உங்க வாசகர்களுக்கு பெரிய உதவியா இருக்கும். ஆகஸ்டுக்குள்ள வந்தா இந்த சீசனுக்கே பயன்படும்.

இப்படிக்கு,
பிசியோதெரபிஸ்ட் வாசகி,
கிராண்ட் ராப்பிட்ஸ், மிச்சிகன்.